ஃப்ரோசன் ஷோல்டர்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது? முழுமையான வழிகாட்டி

கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகிறது. நாற்பதைத் தாண்டிய ஒருவர், அதிலும் சர்க்கரை உள்ளவர், இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் அது தோள்பட்டை இறுக்கம்தான். டாக்டர் சீட்டில் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றோ ‘பெரிஆர்த்ரைடிஸ்’ என்றோ எழுதியிருக்கும்.

பிசியோதெரபி மேசையில் இந்தத் தோள்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பயிற்சியைத் தப்பாகச் செய்கிறவர்கள் குறைவு. சரியான பயிற்சியைத் தப்பான நேரத்தில் செய்கிறவர்கள்தான் அதிகம். வலி உச்சத்தில் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். வலி அடங்கி, இழுக்க வேண்டிய காலம் வந்ததும் ‘இப்ப பரவால்ல’ என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் படியுங்கள். நடுவில் உள்ள பயிற்சிகளுக்கு நேராகத் தாவ வேண்டாம்.

1. தோள் வலியா, தோளில் தெரியும் வேறு வலியா?

தைலத்தை எடுப்பதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும். தோளில் வலிப்பதாலேயே கோளாறும் தோளில்தான் என்று ஆகிவிடாது.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குவது, தாடைப் பக்கம் ஏறும் வலி, இவற்றில் ஏதாவது ஒன்றோடு தோளோ கையோ வலித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மாடிப்படி ஏறும்போது கூடி, உட்கார்ந்ததும் குறையும் தோள் வலியையும் இதய மருத்துவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும். பல வருடச் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். அவர்களிடம் ‘வெறும் தோள் வலிதான்’ என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது கழுத்து. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்குகிறது, கட்டைவிரலோ நடுவிரலோ மரத்துப்போகிறது, கழுத்தைத் திருப்பினால் கையில் சுர்ரென்று இழுக்கிறது என்றால் கழுத்து நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு சின்ன அடையாளம் உண்டு. கழுத்து நரம்பு அழுந்தியவர்கள் பலர், வலிக்கும் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறது என்பார்கள். தோள் இறுகியவரால் கையை அங்கே கொண்டுபோகவே முடியாது.

விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வீங்கிச் சிவந்த தோள், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருப்பது, அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி வலிப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி சில சமயம் தோள் வலியாகவே முதலில் தலைகாட்டும். யாராவது அதை மாதக்கணக்கில் நீவிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

2. இறுக்கமா, தசைநார்க் கிழிசலா?

வீட்டில் இன்னொருவர் உதவியோடு இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் நின்று, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வையுங்கள். முழங்கை மடங்கி, கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். இப்போது இரட்டைக் கதவு திறப்பது போல முன்கைகளை வெளிப்பக்கம் விரியுங்கள். நல்ல கை தாராளமாகப் போகும். இறுகிய கை பாதியிலேயே நின்றுவிடும்.

நின்ற இடத்திலிருந்து உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கையை மெல்ல, ரொம்ப மெல்ல, வெளியே தள்ளிப் பார்க்கட்டும். அவர் தள்ளியும் அதே இடத்தில் கெட்டியாக நின்றால் அது இறுக்கம். நீங்கள் தூக்க முடியாத கையை அவர் சுலபமாகத் தூக்கிவிட முடிகிறது, விட்டதும் கை தொப்பென்று விழுகிறது என்றால் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தசைநார்களில் கிழிசல் இருக்கலாம்.

காரணம் எளிது. ஃப்ரோசன் ஷோல்டரில் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. யார் அசைத்தாலும் உறை விட்டுக்கொடுக்காது. கிழிசலில் உறைக்கு ஒன்றும் ஆகவில்லை, இழுக்க வேண்டிய தசைக்குத்தான் பலம் இல்லை. ஒன்றுக்கு இழுத்துத் தளர்த்த வேண்டும், மற்றதற்குப் பலப்படுத்த வேண்டும், சில நேரம் தைக்கவும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் பயன் இல்லை.

கை முழுதாகப் போகிறது, ஆனால் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் மட்டும் வலித்து மேலே போனதும் விட்டுவிடுகிறது என்றால் அது மூன்றாவது வகை. தோள் உச்சி எலும்புக்குக் கீழே தசைநார் உரசி நோகிறது. இந்த வழிகாட்டி அதற்கானது அல்ல.

சர்க்கரை உள்ளவர்கள் கூடவே ஒன்றைப் பாருங்கள். வணக்கம் சொல்வதுபோல் கைகூப்பி, விரல்களும் உள்ளங்கைகளும் முழுதாக ஒட்டுகின்றனவா என்று கவனியுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் உடம்பின் மற்ற மூட்டுகளிலும் இறுக்கம் தொடங்கியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தோள் தளர அதிக நாளாகும். அது முதலிலேயே தெரிந்திருந்தால் நடுவில் மனம் தளராமல் இருக்கலாம்.

3. தொடங்குமுன் எடுக்க வேண்டிய பரிசோதனைகள், அளவுகள்

எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். ‘ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க’ என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும். மூட்டுத் தேய்மானம், சுண்ணாம்புப் படிவு, விலகிய மூட்டு இவை இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. கிழிசல் சந்தேகம் இருந்தால் மட்டும் போதும்.

ரத்தத்தில் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு மூன்றையும் பாருங்கள். சர்க்கரை இருப்பதே தோள் வலிக்கு வந்த இடத்தில் தெரிந்தவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கட்டுப்பாடு இல்லாத சர்க்கரையோடு தோளை மட்டும் இழுப்பது பாதி வேலை.

அப்புறம் மூன்று அளவுகள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் ஏற்றி, எட்டும் உச்சியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கால் வைத்த இடத்தையும் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நெருங்கி நின்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். இரண்டாவது, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் கட்டைவிரல் எட்டும் இடம்: பின்பாக்கெட்டா, பெல்ட்டா, பிரா பட்டையா? மூன்றாவது, முன்பு சொன்ன கதவுச் சோதனையை நேர் எதிரே வைத்த போனில் ஒரு படம்.

இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். இந்தத் தோள் தினம் தினம் முன்னேறாது. தினமும் அளந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

4. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

முழு வழிகாட்டியிலும் இதைவிட முக்கியமான இடம் இல்லை.

இந்தத் தொல்லை மூன்று கட்டமாக நகரும். முதலில் வலி ஓங்கியிருக்கும், இறுக்கம் மெல்லக் கூடிக்கொண்டே வரும். பிறகு வலி குறைந்து இறுக்கம் ஓங்கும். கடைசியில் இறுக்கம் தானாகவே தளரத் தொடங்கும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை இழுக்கலாம். தானாகச் சரியாகும் என்பது பாதி உண்மை. கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

காலண்டரைப் பார்த்துக் கட்டத்தை முடிவு செய்ய முடியாது. இப்படிப் பாருங்கள். கையை மெல்ல வெளிப்பக்கம் கொண்டுபோகும்போது தடை வருவதற்கு முன்பே வலி வந்துவிடுகிறதா? இரவில் தூக்கம் கலைகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நோகிறதா? இவை இருந்தால் முதல் கட்டம். கை போய் முட்டி நிற்கிறது, அதற்கு மேலே தள்ளினால்தான் வலிக்கிறது, கையை இறக்கியதும் வலி போய்விடுகிறது என்றால் இரண்டாம் கட்டம்.

முதல் கட்டத்தில் உறைக்குள் அழற்சி இருக்கிறது. அப்போது பலமாக இழுத்தால் அழற்சி கூடும், உடம்பு தோளைச் சுற்றியுள்ள தசைகளை இன்னும் பிடித்து வைக்கும். நெதர்லாந்தில் 77 பேரை வைத்துச் செய்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், வலி எல்லைக்குள் மட்டும் அசைத்து வந்தவர்கள், வலியைத் தாண்டி இழுக்கப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ‘வலிச்சாத்தான் சரியாகும்’ என்று சொல்லும் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்ப மாட்டார்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் மூன்றடி நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். ஒட்டடைக் கம்பும் சரிதான், ஆனால் கை வழுக்கும். ஒரு நீளத் துண்டு, ஒரு சின்ன டவல், இரண்டு தலையணை, ஒரு வெந்நீர்ப் பை. கதவில் மாட்டும் கயிற்றுக் கப்பி சர்ஜிகல் கடையில் கிடைக்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

இவற்றைவிட நேரம்தான் முக்கியம். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இரண்டு அல்லது மூன்று வேளை ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வது எதற்கும் உதவாது. சுருங்கிய உறை அடிக்கடி கொடுக்கும் மிதமான இழுவைக்குத்தான் இளகும்.

6. வலிக் கட்டம்: முதலில் தோளை அமைதிப்படுத்துங்கள்

தூக்கத்தில் தொடங்குவோம். மல்லாந்து படுத்தால் முழங்கைக்கும் மேற்கைக்கும் கீழே ஒரு தலையணை வையுங்கள். கை பின்னோக்கிச் சரிந்தால் உறையின் முன்பக்கம் இழுபட்டு நடு இரவில் எழுப்பிவிடும். ஒருக்களித்துப் படுப்பதானால் நல்ல பக்கமாகப் படுத்து, வலிக்கும் கையால் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

சட்டையோ ரவிக்கையோ போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். கொஞ்ச காலத்துக்கு முன்கொக்கி வைத்த ரவிக்கை. பேருந்தில் மேல்கம்பியை அந்தக் கையால் பிடிக்காதீர்கள். ஒரு திடீர் பிரேக் போதும், பல நாள் சம்பாதித்த நிம்மதி போய்விடும். ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் போடுவது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, கார் பின்சீட்டிலிருந்து பையை எட்டி எடுப்பது, இவற்றை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். ஆனால் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டாம். அசையாத தோள் இன்னும் வேகமாக இறுகும். இடுப்பு உயரத்துக்குள் செய்யும் எல்லா வேலைக்கும் அந்தக் கையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இந்தக் கட்டத்தில் பயிற்சி என்றால் ஊசலாட்டம்தான். நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிடுங்கள். பிறகு உடம்பை லேசாக ஆட்டுங்கள். அந்த ஆட்டத்தில் கை தானாக முன்னும் பின்னும் ஆட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பத்தில் எட்டுப் பேராவது தோள் தசையை இறுக்கிக் கையைச் சுழற்றுவார்கள். அது ஊசலாட்டமே அல்ல. விரல்கள் தளர்ந்து, கை பாரமாகத் தொங்குவதை உணர்ந்தால்தான் சரியாகச் செய்கிறீர்கள். ஒரு வேளைக்கு ஓரிரு நிமிடம் போதும். ரத்த அழுத்தத்தால் தலை சுற்றுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து செய்யலாம்.

வலி தாங்க முடியாமல் இருந்தால் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் அது அதிகம் பயன்படுவதே இந்த முதல் கட்டத்தில்தான். இறுகி, வலி போன பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். அதனால் ஊசி போடும் நாளுக்கு முன்பே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லி, வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ஊசியால் வலி அடங்கும் அந்த வாரங்கள்தான் கையை அசைக்கக் கிடைத்த வாய்ப்பு. ஊசியோடு பிசியோவையும் சேர்க்காவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகும்.

7. யாரிடம் கையைக் கொடுப்பது?

நம் ஊரில் தோள் வலி என்றால் வழி காட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. சுளுக்கு எடுப்பவர், எண்ணெய் போட்டு நீவுபவர், புத்தூர் கட்டு, வர்மம், இப்போது புதிதாக வீடியோக்களில் ‘டக் டக்’ என்று நெட்டி எடுக்கும் கைரோபிராக்டிக்.

மிதமாக நீவி விடுவதில் தப்பில்லை. தோளைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தசைகளுக்கு அது சுகம் தரும், அன்று இரவு தூக்கம் வரும். ஆனால் உறை தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. மேலே தேய்க்கும் எண்ணெய் அதை எட்டாது. கட்டுப் போட்டுக் கையை அசையாமல் வைப்பது எலும்பு முறிவுக்குச் சொல்லும் யோசனை. ஃப்ரோசன் ஷோல்டருக்கு அது நேர் எதிரான வைத்தியம்.

கைரோபிராக்டிக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதிகம் கேட்கப்படுவது அதுதான். அதன் முக்கியமான கைவேலை, மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய், சட்டென்று ஒரு சின்னத் தள்ளு கொடுப்பது. ‘டக்’ என்ற சத்தம் மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாவதோடு சேர்ந்து வருவது. விலகிய எலும்பு உட்கார்ந்த சத்தம் அல்ல. ஃப்ரோசன் ஷோல்டரில் எலும்பு விலகவே இல்லை. அதனால் ‘ஏத்தி உட்கார வைக்க’ அங்கே ஒன்றும் கிடையாது. நன்றாகப் படித்த கைரோபிராக்டர் ஒருவர் தோளுக்கு மெதுவான அசைவுச் சிகிச்சையும் பயிற்சியும் தந்தால் அது பிசியோதெரபிஸ்ட் செய்வதற்கு ரொம்பத் தூரம் இல்லை. மேல்முதுகு விறைப்பாக இருந்தால் அதைத் தளர்த்துவதும் தோளுக்கு ஓரளவு உதவும்.

என் எச்சரிக்கை கழுத்தைப் பற்றியது. தோளுக்கென்று போய், கழுத்தைத் திருப்பிச் சட்டென்று முறிக்க விடாதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. அரிதுதான், ஆனால் தோள் இறுக்கத்துக்காக அந்த ஆபத்தை எடுக்க ஒரு காரணமும் இல்லை. எலும்பு பலம் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கை விரல்கள் மரத்துப்போகிறவர்கள் எங்கேயும் சட்டென்று தள்ளும் வைத்தியத்துக்கே போக வேண்டாம்.

பிசியோதெரபிஸ்டைத் தேடும்போது பிசியோதெரபிப் பட்டமான பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. முதல் நாளே இரண்டு தோள்களையும் அசைத்துப் பார்த்து அளவு எழுதுகிறாரா என்று கவனியுங்கள். அளக்காமல் மெஷினை ஒட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கரண்ட் வைப்பதும் அல்ட்ராசவுண்டும் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கவைக்கலாம், உறையைத் தளர்த்தாது. தினமும் வரச் சொல்லி, வீட்டுப் பயிற்சி ஒன்றுகூடச் சொல்லித்தராத இடமும் அப்படியே.

8. மேசையில் என்ன நடக்கும், நீங்கள் என்ன சொல்ல வேண்டும்?

மேனுவல் தெரபி, அதாவது சிகிச்சை செய்பவர் தன் கையாலேயே மூட்டை அசைப்பது, என்றால் கையைப் பிடித்து மேலே தூக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது சின்ன அசைவு. நீங்கள் மல்லாந்து படுத்திருப்பீர்கள். சிகிச்சை செய்பவர் ஒரு கையால் உங்கள் மேற்கையைத் தாங்கி, இன்னொரு கையால் தோள் மூட்டின் பந்துப் பகுதியைப் பின்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ சில மில்லிமீட்டர் நகர்த்துவார். பார்ப்பவருக்கு ஒன்றும் நடப்பதாகவே தெரியாது.

அந்தச் சில மில்லிமீட்டர்தான் முக்கியம். கை மேலே போக வேண்டுமானால் பந்து தன் கிண்ணத்தில் உருளுவதோடு கொஞ்சம் சறுக்கவும் வேண்டும். சுருங்கிய உறை அந்தச் சறுக்கலைத்தான் தடுக்கிறது. சறுக்கலைத் திருப்பித் தராமல் கையை மட்டும் நெம்புகோலாக்கித் தூக்கினால் பந்து மேலே இடித்து வலி கூடும்.

வலிக் கட்டத்தில் இந்த அசைவு எல்லைக்கு முன்பாகவே, சின்ன ஊசலாக இருக்க வேண்டும். வலியை அடக்குவதுதான் அப்போது நோக்கம். இறுக்கக் கட்டத்தில் எல்லைவரை போய், அங்கே நிறுத்திப் பிடித்து அழுத்த வேண்டும். இரண்டையும் முடிவு செய்வது அவர் கை மட்டும் இல்லை, உங்கள் வாயும்தான். ‘டாக்டர் கோபிச்சுக்குவார்’ என்று வலியை விழுங்காதீர்கள். இழுபடும் உணர்வு சரி. கூர்மையாகக் குத்துகிறது, விரலுக்கு இறங்குகிறது என்றால் உடனே சொல்லுங்கள். நேற்று இரவு எப்படித் தூங்கினீர்கள் என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அன்று எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

9. இறுக்கக் கட்டம்: வீட்டுப் பயிற்சிகள், இந்த வரிசையில்

இரவுத் தூக்கம் திரும்பிவிட்டது, கை முட்டி நின்ற பிறகுதான் வலிக்கிறது. இப்போதுதான் இழுக்கும் காலம்.

முதலில் சூடு. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம். சர்க்கரையால் தொடு உணர்வு குறைந்தவர்கள் சூட்டை நல்ல கையால் சோதித்துப் பார்த்தபின் வையுங்கள். கொப்புளம் போட்ட பிறகுதான் சூடு தெரிந்தது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டுக்குப் பின் ஒரு நிமிடம் ஊசலாட்டம்.

அடுத்து, வெளிப்பக்கம் திருப்புவது. மல்லாந்து படுத்து, மேற்கைக்குக் கீழே மடித்த டவலை வைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி, இறுகிய முன்கையை வெளிப்பக்கம் சாய்க்கவும். முட்டும் இடத்தில் இருபதிலிருந்து முப்பது நொடி பிடித்து, மெல்ல விடவும். ஐந்து முறை. இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், கை தலைக்கு மேல் போகும்போது மேற்கை எலும்பு வெளிப்பக்கம் திரும்பினால்தான் அதன் முண்டு தோள் உச்சி எலும்பில் இடிக்காமல் தப்பும். திருப்பம் வராமல் கையைத் தூக்க வராது. ஆனால் பெரும்பாலானோர் தூக்குவதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

மூன்றாவது, அதே படுத்த நிலையில் குழாயைப் பிடித்து, நல்ல கையின் உதவியால் இரண்டு கையையும் தலைக்கு மேலாகப் பின்னே கொண்டுபோவது. நின்று செய்வதைவிடப் படுத்துச் செய்வது நல்லது. தோள்பட்டை எலும்பு படுக்கையில் அழுந்தி நகராமல் இருக்கும், அசைவு மூட்டிலிருந்தே வந்தாக வேண்டும். இடுப்பு வளைந்து மேலே எழும்பினால் அது கை போனதல்ல, முதுகு போனது. முழங்காலை மடக்கிவைத்தால் அந்தத் திருட்டுத்தனம் குறையும்.

நான்காவது, இறுகிய கையை மார்புக்குக் குறுக்காகக் கொண்டுவந்து, நல்ல கையால் முழங்கையைப் பிடித்து எதிர்த் தோள் பக்கம் இழுப்பது. உறையின் பின்பக்கத்துக்கு இது. முன்தோளில் கிள்ளுவதுபோல் வலித்தால் கையைக் கொஞ்சம் கீழே இறக்கி இழுங்கள்.

ஐந்தாவது, சுவர். விரல்களைச் சுவரில் நடத்தி மேலே ஏற்றுவது எல்லோருக்கும் தெரிந்த பயிற்சி. எல்லோரும் தப்பாகச் செய்வதும் இதையே. கை ஏறுவதற்குப் பதிலாகத் தோள் காதைத் தொடப் போகும். பக்கத்தில் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். தோள் ஏறத் தொடங்கும் இடம்தான் உங்கள் உண்மையான எல்லை. அங்கே நின்று மூச்சை விட்டுத் தோளை இறக்கி, பிடித்து நில்லுங்கள்.

கடைசியில்தான் முதுகுக்குப் பின்னால். நீளத் துண்டை நல்ல தோள் வழியாகப் பின்னே தொங்கவிட்டு, இறுகிய கையால் கீழ் நுனியைப் பிடித்து, மேல் கையால் மெல்ல இழுங்கள். ரவிக்கைக் கொக்கிக்கும் பின்பாக்கெட்டுக்கும் தேவைப்படுவது இந்த அசைவுதான் என்பதால் முதல் நாளே இதில் தொடங்கத் தோன்றும். பொறுங்கள். நோகும் தோளை எளிதில் கிளறிவிடுவதும், கடைசியில் திரும்பி வருவதும் இந்த அசைவுதான். முன்பு சொன்ன நான்கும் ஓரளவு இளகிய பிறகு இதைச் சேருங்கள்.

எவ்வளவு வலி சரி? பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவுவரை இழுவை இருக்கலாம். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் அடங்கிவிட வேண்டும். அன்று இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் புது வேகத்தோடு வருவதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம்.

பயிற்சி முடிந்த கையோடு அன்று கிடைத்த அசைவை வேலைக்குப் பயன்படுத்துங்கள். கொடியில் துணி போடுங்கள், மேல்தட்டு டப்பாவை எடுங்கள், தலை சீவுங்கள். பயன்படுத்தாத அசைவு மறுநாள் காலைக்குள் பாதி போய்விடுகிறது.

10. பலப்படுத்துவது

சுவரில் போட்ட பென்சில் கோடு கணிசமாக ஏறி, எல்லையில் தவிர மற்ற இடத்தில் வலி இல்லாதபோது இதைத் தொடங்கலாம். அதற்கு முன் டம்பெல் பக்கம் போக வேண்டாம். இறுகிய மூட்டில் எடை தூக்கினால் தோளைக் காதுக்கு ஏற்றும் பழக்கம்தான் பலப்படும்.

முழங்கையை மடக்கி, முன்கையின் வெளிப்பக்கத்தால் கதவு நிலையை ஐந்து நொடி தள்ளுவது, பிறகு உள்பக்கத்தால் தள்ளுவது. மூட்டு அசையாமல் தசை மட்டும் வேலை செய்யும். அது சுலபமானதும் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னே இழுத்து, தோள்பட்டை எலும்புகளை முதுகில் ஒன்றுசேர்ப்பது. மாதக்கணக்கில் வேலையே செய்யாத தசைகள் இவை. தளர்ந்த பிறகும் கை சீக்கிரம் களைத்துப்போவதற்கு இதுதான் காரணம். இழுக்கும் பயிற்சிகளை இதோடு சேர்த்தே தொடருங்கள்.

11. முன்னேற்றம் இல்லை என்றால்

ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதத்தில் பென்சில் கோடு அசையவில்லை என்றால் திரும்ப மருத்துவரிடம் போகும் நேரம். முதலில் இது ஃப்ரோசன் ஷோல்டர்தானா என்பதையே அவர் மறுபடி பார்ப்பார். அதன் பிறகு மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி உறையை விரிப்பது, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, சிறு துளை வழியாக உறையை வெட்டித் தளர்த்துவது என்று வழிகள் இருக்கின்றன.

அறுவை சிகிச்சை என்றால் கண்டிப்பாக மேல் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், மயக்கத்தில் அசைத்து விடுவது, துளை வழி அறுவை, ஊசியோடு கூடிய முறையான பிசியோதெரபி மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து எதுவும் மற்றதைவிடச் சொல்லிக்கொள்ளும்படி உயர்ந்து நிற்கவில்லை. அதனால் பிசியோவை முறையாக முடிக்காமல் அங்கே தாவ வேண்டாம். எலும்பு பலம் குறைந்தவர்களுக்கு மயக்கத்தில் அசைக்கும்போது மேற்கை எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் முடிந்த மறுநாளிலிருந்தே பிசியோ தொடங்க ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும், பிள்ளைக்குப் பரீட்சை என்று நடுவில் இரண்டு வாரம் விட்டால் விடுவித்த உறை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

குணமான தோளில் இது திரும்ப வருவது அபூர்வம். மற்றத் தோளில் வருவது அப்படி இல்லை, சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். ஆகவே அந்தக் கதவுச் சோதனையை மாதம் ஒருமுறை இரண்டு கையிலும் செய்யுங்கள். மறுபக்கம் வெளித்திருப்பம் குறையத் தொடங்கினால் தூக்கம் கெடும்வரை காத்திராமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.